தழும்புக்கும் ஒரு விலை: மின்கிடார் பிரதிகளின் கதை

1971-ஆம் ஆண்டு அச்சடித்த அமெரிக்கக் கால் டாலர் நாணயம் ஒன்று. வெள்ளி கிடையாது, அபூர்வமும் கிடையாது. செல்லாக்காசு என்று சொல்ல முடியாது, ஆனால் இன்னைக்கும் அதன் மதிப்பு 25 சென்ட்தான். 2007-இல் கலிபோர்னியாவில் ஃபெண்டர் கம்பெனியின் கஸ்டம் ஷாப்பில் ஒரு கிடார் வரிசை தயாரானபோது, ஒவ்வொரு கிடாரிலும் இந்த நாணயத்தை ஸ்க்ரூ போட்டு முடுக்கினார்கள். வேறு வருஷத்து நாணயம் ஆகாது, 1971-தான் வேண்டும். மொத்தம் 300 கிடார். ஒன்றின் விலை 25,000 டாலர்.

எதுக்கு இந்தக் கூத்து என்றால், எடி வான் ஹேலன் தன் கிடாரில் அப்படித்தான் வைத்திருந்தார்.

மின்கிடார் பற்றி அதிகம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். எடி வான் ஹேலன் எழுபதுகளின் நடுவில் கலிபோர்னியாவில் கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்த இளைஞர். கடையில் கிடைத்த இரண்டு முக்கியமான கிடார் வகைகளில் எதுவும் அவருக்குச் சரிப்படவில்லை. கிப்சனின் சத்தம் பிடிக்கும், ஆனால் ஃபெண்டரின் வடிவமும் அதன் ஆட்டுகிற பிரிட்ஜும் வேண்டும். அதனால் தானே ஒன்றைக் கட்டினார். தொழிற்சாலை 'செகண்ட்ஸ்' என்று ஒதுக்கிய ஒரு உடல்கட்டை, 50 டாலர். ஒரு கழுத்து, 80 டாலர். பழைய கிப்சன் கிடார் ஒன்றிலிருந்து பிடுங்கிய பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள். சத்தத்தை ஏற்றினால் அந்தச் சுருள் கீச்சிட்டது. சுருளின் கம்பிகள் அசையாமல் இருக்க உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கி எடுத்தார். முதலில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள், 1979-இல் அதன் மேல் சைக்கிளுக்கு அடிக்கிற சிவப்பு பெயின்ட். நாணயம் எதற்கென்றால் பிரிட்ஜ் பின்பக்கம் சாயாமல் மட்டமாக உட்கார ஒரு முட்டு வேண்டியிருந்தது, கையில் கிடைத்தது கால் டாலர். நம்மூரில் ஆடுகிற மேஜைக் காலுக்கு அட்டையை மடித்து வைப்போமே, அதே விஷயம்தான். பல பிணங்களின் உறுப்புகளை ஒட்டி ஓர் உருவத்தைச் செய்தவராக வரும் கதைப் பாத்திரத்தின் பெயரையே அந்த கிடாருக்கும் வைத்தார்கள்: ஃபிராங்கன்ஸ்டைன்.

1978-இல் வான் ஹேலன் குழுவின் முதல் ஆல்பம் வந்ததும் ராக் கிடார் வாசிப்பே மாறிப்போனது. கூடவே கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட கிடார்கள் கடைகளில் முளைத்தன. எடிக்கு அது எரிச்சல். சிவப்பு பெயின்ட் அடித்ததற்கு அந்தப் போலிகளும் ஒரு காரணம். அதோடு விடவில்லை. கழுத்துப் பக்கம் ஒரு பிக்கப்பைப் பொருத்தினார், அதற்கு வயர் இணைப்பே கிடையாது. ஒரு சுவிட்சையும் குழிக்குள் சொருகி வைத்தார், அதுவும் எதனோடும் சேரவில்லை. பார்த்துக் காப்பியடிப்பவன் குழம்பட்டும் என்பதுதான் எண்ணம்.

இப்போது 2007-க்கு வாருங்கள். அந்த 300 பிரதிகளிலும் வேலை செய்யாத பிக்கப் இருக்கிறது. வேலை செய்யாத சுவிட்ச் இருக்கிறது. தலைப்பகுதியில் சிகரெட் சுட்ட கறை இருக்கிறது. பெயின்ட் பெயர்ந்த இடங்கள் மூலத்தில் எங்கே பெயர்ந்ததோ அங்கேயே பெயர்ந்திருக்கின்றன. காப்பியடிக்கிறவர்களைக் குழப்புவதற்காக வைத்த பொறியையே மிகத் துல்லியமாகக் காப்பியடித்து, எடியின் சம்மதத்தோடும் பங்களிப்போடும் விற்றார்கள்.

நான் மென்பொருள் தொழிலில் இருப்பவன். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு சொல் உண்டு, 'பக் ஃபார் பக் கம்பாட்டிபிள்'. பழைய சாஃப்ட்வேரை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதும்போது, பழையதில் இருந்த பிழைகளையும் அப்படியே புதியதில் கொண்டுவர வேண்டியிருக்கும். ஏனென்றால் அந்தப் பிழையை நம்பி இத்தனை வருஷமாக யாரோ எதையோ கட்டி வைத்திருப்பார்கள். பிழையைத் திருத்தினால் அது உடைந்துவிடும். நாங்கள் இதைத் தலையில் அடித்துக்கொண்டு செய்வோம். கிடார் உலகில் இதையே பெருமையாகச் சொல்லி, சான்றிதழ் கொடுத்து விற்கிறார்கள் என்று தெரிந்தபோதுதான் இந்த விஷயத்துக்குள் தலையை விட்டேன்.

முதலில் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். கலைஞர் பெயரில் கிடார் விற்பது புதுசு ஒன்றும் இல்லை. கிப்சன் 1952-லேயே லெஸ் பால் என்கிற கிடார்க் கலைஞரின் பெயரை ஒரு மாடலுக்கு வைத்துவிட்டது. அந்த மனிதரை மறந்தவர்களுக்குக்கூட கிடாரின் பெயர் தெரியும். ஃபெண்டர் இதற்கு மெதுவாகத்தான் வந்தது. எரிக் கிளாப்டன் பெயரில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது 1988-இல். ஆனால் இவையெல்லாம் 'சிக்னேச்சர்' மாடல்கள். கலைஞருக்குப் பிடித்த கழுத்துப் பருமன், பிடித்த பிக்கப், பிடித்த கலர். பொருள் புதுசு, பளபளவென்று இருக்கும். பிரதி என்பது வேறு. உலகத்தில் ஒரே ஒரு குறிப்பிட்ட கிடார், அது பட்ட அடி, அது குடித்த வியர்வை, எல்லாவற்றோடும் சேர்த்து மறுபடி செய்வது.

கிளாப்டன் விஷயத்திலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1970 வாக்கில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் ஒரு கடையில் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் சல்லிசாகக் கிடந்தன. அப்போது அந்த மாடலுக்கு மவுசு குறைந்திருந்த நேரம். கிளாப்டன் ஆறு வாங்கினார். ஜார்ஜ் ஹாரிசனுக்கு ஒன்று, பீட் டவுன்ஷெண்டுக்கு ஒன்று, ஸ்டீவ் வின்வுட்டுக்கு ஒன்று கொடுத்தார். மீதி மூன்றைப் பிரித்து, இதில் உடல், அதில் கழுத்து, இன்னொன்றில் பிக்கப் என்று நல்லதாகப் பொறுக்கி ஒன்றாகச் சேர்த்தார். கறுப்பு நிறம் என்பதால் 'பிளாக்கி'. 1973 முதல் 1985 வரை அவருடைய முக்கியமான கிடார் அதுதான். வாசித்து வாசித்துக் கழுத்து தேய்ந்து இனி முடியாது என்ற நிலையில் ஓய்வு கொடுத்தார். 1988 சிக்னேச்சர் மாடலுக்கு அவர் கேட்டது பிளாக்கியின் கழுத்து கையில் உட்காருகிற விதத்தை. தேய்மானத்தை அவர் கேட்கவில்லை. ஓடி உழைத்த கிடாரை வைத்திருந்தவருக்கு வேண்டியது புதிய கிடார்!

பதினெட்டு வருஷம் கழித்து ஜனங்களுக்கு வேண்டியது அந்தத் தேய்மானம். இதற்கு நடுவில் என்ன நடந்தது?

இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, ஃபெண்டர் 1987-இல் கஸ்டம் ஷாப் தொடங்கியது, கையால் கொஞ்சமாகச் செய்யும் பட்டறை. இரண்டாவது, 1995-இல் நாம் வணிகக் கண்காட்சியில் (கிடார்க்காரர்களுக்கு அது ஒரு திருவிழா) அந்தப் பட்டறை வைத்த இரண்டு கிடார்கள். ஐம்பதுகளின் கிடார்களைப் போலவே இருந்தன. பெயின்ட் உரிந்து, உலோகம் மங்கி, பிளாஸ்டிக் பழுத்து. பார்த்தவர்கள் கம்பெனி பழைய சரக்கைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது என்றே நினைத்தார்களாம். அத்தனையும் புதுசு. ஜே. டபிள்யூ. பிளாக் என்ற ஃபெண்டர் கைவினைஞரும், மிசூரி மாநிலத்தில் இருந்த வின்ஸ் குனெட்டோ என்பவரும் சேர்ந்து செய்த வேலை. 'ரெலிக்' என்று பெயர் வைத்தார்கள். புனிதர்களின் எலும்பு, துணி ஆகியவற்றைப் பாதுகாத்து வைப்பதற்குக் கிறிஸ்தவத்தில் சொல்லும் அதே சொல். கொஞ்சம் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

இதன் தொடக்கத்துக்கு ஒரு கதையும் உண்டு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸுக்காகச் சில பிரதிகளைச் செய்து கொடுத்தபோது, ரொம்பப் புதுசாக இருக்கிறது, நாலு தட்டு தட்டிக் கொண்டுவாருங்கள் என்றாராம். கிடார் உலகில் எல்லோரும் சொல்லும் கதை. சொல்லிச் சொல்லி மெருகேறியிருக்கும், அது வேறு.

பழசாக்குவது எப்படி? சுத்தியலால் அடிப்பது இல்லை. பழைய கிடார்களின் மேல்பூச்சு நைட்ரோசெல்லுலோஸ். காலப்போக்கில் அது இறுகி உடையும் தன்மைக்கு வரும். மரமும் பூச்சும் ஒரே அளவு சுருங்குவதில்லை, அதனால் குளிரில் இருந்து வெப்பத்துக்கு வந்தால் பூச்சில் மெல்லிய கோடுகள் விழும். வறண்ட குளத்தின் தரை மாதிரி. பிரதி செய்பவர்கள் பூச்சில் இளக்கம் தரும் பொருளைக் குறைத்துவிட்டு, குளிரூட்டிச் சூடாக்கி இந்தக் கோடுகளை வரவழைக்கிறார்கள். கிப்சன் பக்கம் டாம் மர்ஃபி என்பவர் இதில் பெரிய பெயர். பூச்சில் பிளேடால் ஒவ்வொரு கோடாகக் கீறியவர் அவர். இன்று கிப்சனில் அவர் பெயரிலேயே 'மர்ஃபி லேப்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. உலோகப் பாகங்களை அமில ஆவியில் காட்டினால் மினுக்கம் போய்விடும். கடைசியில் எங்கே தேய்க்க வேண்டும் என்பதில்தான் வித்தை இருக்கிறது. வலது முன்கை படும் இடம், பெல்ட் பக்கிள் உரசும் பின்புறம், கட்டைவிரல் ஓடும் கழுத்து. தப்பான இடத்தில் தேய்த்தால் பார்த்தவுடன் பொய் என்று தெரிந்துவிடும்.

இந்தத் தொழில்நுட்பம் கைக்கு வந்த பிறகுதான் 'ஒரு குறிப்பிட்ட கிடாரின்' பிரதி என்பதே சாத்தியமானது. அதுவரை பழைய மாடல் மாதிரிதான் செய்ய முடியும். இப்போது அந்தக் கீறலையே செய்ய முடியும்.

பணக் கணக்குக்கு வருவோம். 2004 ஜூன் 24 அன்று நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலம். ஆன்டிகுவா தீவில் கிளாப்டன் தொடங்கிய கிராஸ்ரோட்ஸ் போதை மறுவாழ்வு மையத்துக்காக நடந்தது. பிளாக்கி 9,59,500 டாலருக்குப் போனது. வாங்கியது தனி மனிதர் இல்லை, கிடார் சென்டர் என்ற அமெரிக்கக் கடைச் சங்கிலி. அதே நாளில் கிளாப்டனின் சிவப்பு கிப்சன் ஈஎஸ்-335-ஐ 8,47,500 டாலருக்கும், ஸ்டீவி ரே வானின் 'லென்னி'யை 6,23,500 டாலருக்கும் அவர்களே எடுத்தார்கள். மூன்றும் சேர்ந்து 24,30,500 டாலர். கடைக்காரர்களுக்குப் பைத்தியமா என்று அன்று கேட்டவர்கள் உண்டு.

2006 நவம்பரில் பிளாக்கியின் பிரதி வந்தது. 275 கிடார், ஒன்றின் பட்டியல் விலை 24,000 டாலர். கச்சேரிக்குப் போகும்போது பிளாக்கியை வைத்த பெட்டிக்கும் பிரதி, அதன் மேல் அடித்திருந்த எழுத்துக்கும் பிரதி. ஒரே நாளில் தீர்ந்தது. பெருக்கிப் பார்த்தால் 66 லட்சம் டாலர். அதில் ஃபெண்டருக்கும் மறுவாழ்வு மையத்துக்கும் பங்கு உண்டு, கடைக்கு எவ்வளவு நின்றது என்று கணக்குப் போட இது போதாது. ஆனால் மறுவருஷம் லென்னிக்கும் 185 பிரதிகள் வந்தன. முதல் கிடாரை வாங்கியது ஒரு பொருளை வாங்கியது போல இல்லை, அச்சு வார்ப்பை வாங்கியது போல என்று இப்போது பார்த்தால் புரிகிறது. மூலம் என்பது முதலீடு, பிரதிதான் சரக்கு.

லென்னியைப் பற்றி ஒரு வார்த்தை. 1980-இல் டெக்சாஸின் ஆஸ்டினில் ஒரு அடகுக் கடையில் கிடந்த கிடார், 350 டாலர். ஸ்டீவியிடம் அந்தக் காசு இல்லை. அவர் மனைவி லெனோரா நண்பர்களிடம் தலைக்கு 50 டாலர் வசூல் பண்ணி வாங்கிப் பிறந்த நாளுக்குக் கொடுத்தார். அவர் பேரைத்தான் கிடாருக்கு வைத்தார் ஸ்டீவி. 27 வருஷம் கழித்து வந்த பிரதியின் விலை 17,000 டாலர். நண்பர்கள் ஏழு பேர் கைச்சில்லறை போட்டு வாங்கிய விஷயத்தை எந்தப் பட்டறையில் பிரதி எடுப்பது?

ஹெண்ட்ரிக்ஸ் விஷயம் இன்னும் விசித்திரம். 1967 ஜூனில் மான்டரே விழாவில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மேடையிலேயே கிடாருக்குத் தீ வைத்தார் இல்லையா, அந்த கிடாரில் தன் கையாலேயே பூவும் கொடியுமாகப் படம் வரைந்திருந்தார். எரித்து உடைத்த கிடார். 1997-இல் ஃபெண்டர் அதற்கு 210 பிரதிகள் செய்தது. ஓவியர் பமெலினா ஒவ்வொன்றையும் கையால் வரைந்தார். அதாவது தீ வைப்பதற்குச் சில நிமிடம் முன்னால் அந்த கிடார் எப்படி இருந்ததோ, அந்த நிலைக்குப் பிரதி. வாங்கியவர்களில் எத்தனை பேர் தீக்குச்சியைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு கெட்ட சந்தேகம் உண்டு.

இதுவரை சொன்ன தழும்புகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிவன. காதுக்கு மட்டும் தெரிகிற தழும்பு ஒன்று உண்டு. எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்த பகுதி அதுதான்.

பீட்டர் கிரீன் 1967-இல் ஃப்ளீட்வுட் மேக் குழுவைத் தொடங்கியவர். அவருடைய கிடார் 1959 லெஸ் பால். 1958 முதல் 1960 வரை கிப்சன் செய்த இந்தச் செம்மஞ்சள் நிற லெஸ் பால்கள் சில நூறுகளில்தான் இருக்கும் ஆண்டுக்கு. அன்று சரியாக விற்காமல் நிறுத்தப்பட்ட மாடல், இன்று பழைய கிடார் சந்தையின் உச்சம். பீட்டர் கிரீனின் கிடாரில் மட்டும் ஒரு கோளாறு இருந்தது. கழுத்துப் பக்கத்து பிக்கப்புக்குள் இருக்கும் காந்தம் திருப்பிப் போடப்பட்டிருந்தது. பழுது பார்த்தபோது யாரோ மாற்றி வைத்திருப்பார்கள் என்பதே பொதுவான விளக்கம்.

இதனால் என்ன ஆகும்? ஒரு பிக்கப்பை மட்டும் வைத்து வாசித்தால் ஒன்றும் ஆகாது. இரண்டையும் சேர்த்துப் போட்டால்தான் விஷயம். ஒரு பிக்கப்பில் இருந்து அலை மேலே ஏறும்போது மற்றதில் இருந்து கீழே இறங்கும். இரண்டும் ஒன்றை ஒன்று தின்னும். கீழ்ச்சுருதியின் கனம் பெரும்பாலும் காணாமல் போய், மூக்கால் பாடுவது போல, வெறும் குடத்துக்குள் பேசுவது போல ஒரு சத்தம் மிஞ்சும். மின்னணுக் கண்ணோட்டத்தில் இது பிழை. பீட்டர் கிரீனின் விரலில் அது அழுகை. அந்தக் காலத்தில் அவரைக் கேட்டவர்கள் யாரும் இதைக் கோளாறு என்று நினைக்கவில்லை.

கிரீன் 1970-இல் குழுவை விட்டு விலகினார். மனநிலை பாதிக்கப்பட்டு, பொருட்கள் மேல் பற்றே விட்டுப்போன நிலை. பெல்ஃபாஸ்டில் இருந்து வந்த இளைஞர் கேரி மூரிடம் கிடாரைக் கொடுத்து, நீயே வைத்துக்கொள் என்றார். மூர் தன் சொந்த கிடாரை விற்று, நூறு பவுண்டு சொச்சம் கொடுத்தார். அவ்வளவுதான் விலை. முப்பது வருஷத்துக்கு மேல் மூரிடம் இருந்தது. 1995-இல் பீட்டர் கிரீனின் பாடல்களையே வாசித்து ஒரு முழு ஆல்பம் போட்டு நன்றிக்கடன் தீர்த்தார். 2006-இல் பணமுடையில் விற்றார். வியாபாரிகள் கை மாறி 2014-இல் மெட்டாலிகா குழுவின் கிர்க் ஹேமட்டிடம் வந்து சேர்ந்தது. ஹேமட்டின் நல்ல குணம், அதைப் பெட்டகத்தில் வைக்கவில்லை. மேடைக்கு மேடை கொண்டுபோய் வாசிக்கிறார். 'கிரீனி' என்பது அதன் பெயர்.

கிப்சன் 2010-இல் 'கலெக்டர்ஸ் சாய்ஸ்' என்று ஒரு பிரதி வரிசையைத் தொடங்கியபோது முதல் எண் இந்த கிடாருக்குத்தான். 2023-இல் ஹேமட் பெயரில் மறுபடி வந்தது, இந்த முறை மூன்று அடுக்காக. மர்ஃபி லேபில் பழசாக்கிய 50 கிடார்கள், ஒன்று ஏறத்தாழ 50,000 டாலர். கிப்சனின் சாதாரணத் தொழிற்சாலையில் செய்தது 3,000 டாலர் சொச்சம். அதன் துணை பிராண்டான எபிஃபோனில் 1,500 டாலர் அளவில். கவனிக்க வேண்டியது, காந்தம் மூன்றிலும் திருப்பிப் போடப்பட்டிருக்கிறது. ஒரு காலத்தில் ஏதோ ஒரு மேஜையில் கவனக்குறைவாக நடந்தது, இப்போது தொழிற்சாலையின் வேலைக் குறிப்பில் ஒரு வரி. தரப் பரிசோதனையில் இருப்பவர் காந்தம் சரியாக இருந்தால் அதை நிராகரிக்க வேண்டும்!

என் தனிப்பட்ட அபிப்பிராயம் இதுதான். 1,500 டாலர் கிரீனி எனக்குப் புரிகிறது. அதில் சத்தம் வருகிறது. எந்த கிடாரிலும் ஸ்க்ரூ டிரைவரும் பொறுமையும் இருந்தால் இந்தக் காந்தத்தைத் திருப்பலாம், அது தெரியாதவர்களுக்குக் கம்பெனி செய்து கொடுக்கிறது. 50,000 டாலர் கிரீனியில் கூடுதலாகக் கிடைப்பது மற்றவர் பட்ட அடிகளின் வரைபடம். ஜிம்மி பேஜின் இரட்டைக் கழுத்து கிடாரின் 2024 பிரதிக்கும் இதே கணக்கு: 50 கிடார், தலைக்கு ஏறத்தாழ 50,000. ஆனால் அங்கே ஒவ்வொன்றையும் பேஜ் கையில் எடுத்து வாசித்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அப்போது அது பிரதி என்பதைத் தாண்டி வேறொன்றாக ஆகிவிடுகிறது. அந்த மனிதரின் கை பட்ட பொருள், சில நிமிஷத்துக்குத்தான் என்றாலும்.

'ரெலிக்' எதிர்ப்பாளர்கள் சொல்வதும் இதைத்தான். நம்மிடம் விழுப்புண் என்ற சொல் இருக்கிறது. போரில் மார்பில் வாங்கியது. அதைப் பச்சை குத்திக்கொள்கிறவனை என்னவென்று சொல்வது? வாதம் எனக்குப் பிடித்ததுதான். ஆனால் வாங்குகிறவர்கள் பக்கத்தில் கேட்டால் ஒரு நேர்மையான பதில் வருகிறது: தேய்ந்த கழுத்து கையில் நன்றாக உட்காருகிறது, கீறல் விழுந்துவிடுமோ என்ற பயம் இல்லாமல் வாசிக்கலாம். முதல் கீறலைக் கம்பெனியே போட்டுவிட்டது. புது பைக்கில் முதல் கோடு விழுந்த நாளில் நமக்குத் தூக்கம் வருமா? அந்த அவஸ்தை மிச்சம். ஆனால் அப்படி வாசிக்கிறவர் வாங்குவது சாதாரண ரெலிக். எண்ணிட்ட பிரதியை வாங்குகிறவர் பெரும்பாலும் வாசிப்பதில்லை. அந்தச் சந்தையில் சான்றிதழ், பெட்டி, அதற்குள் வந்த பெல்ட், ஸ்டிக்கர், கையேடு எல்லாம் பத்திரமாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மறுவிலை இறங்கும். தேய்ந்தது போலச் செய்த கிடாரில் நிஜமாகவே ஒரு தேய்மானம் வந்தால் மதிப்பு குறைகிறது. இதைவிட அபத்தமாக யாராலும் யோசிக்க முடியாது.

சான்றிதழுக்கு இத்தனை மரியாதை வர இன்னொரு காரணம், போலிகள். சீனாவில் செய்து கிப்சன் முத்திரையோடு வரும் கள்ளக் கிடார்களுக்கு 'சிப்சன்' என்றே செல்லப்பெயர். மூலத்துக்குப் பிரதி, பிரதிக்குப் போலி.

இந்தக் கதையில் நம்ம ஊர் வாசனை ஒரு இடத்தில் அடிக்கிறது. 1959 லெஸ் பாலிலும் 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் விரல் ஓடும் பலகை பிரேசில் ரோஸ்வுட். 1992-இல் அந்த மரம் கடும் தடைப் பட்டியலில் ஏறியது, உலக வணிகம் அநேகமாக நின்றது. பிரதிகளில் பெரும்பாலும் அந்த இடத்தில் உட்கார்வது இந்திய ரோஸ்வுட், நம் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. பட்டா நிலத்தில் நின்றாலும் கண்டபடி வெட்டக் கூடாது என்று தமிழ்நாடு 1994-இல் தனிச் சட்டமே போட்ட மரம். 2011 ஆகஸ்டில் கிப்சன் தொழிற்சாலைகளில் அமெரிக்க மத்திய அரசு அதிகாரிகள் புகுந்து சோதனை போட்டபோது அள்ளிக்கொண்டு போனவற்றில் இந்தியாவில் இருந்து வந்த ரோஸ்வுட்டும் கருங்காலியும் உண்டு. அடுத்த வருஷம் சமரசம். மடகாஸ்கர் கருங்காலி விவகாரத்துக்காக கிப்சன் 3 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. 2017-இல் ரோஸ்வுட் இனம் முழுக்கவே உலகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வந்து, பழைய கிடாரை எல்லை தாண்டி விற்பதற்கே காகிதம் தேடி அலைந்தார்கள். 2019 இறுதியில்தான் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது. கீறல், கறை, நாணயம் வரை பிரதி எடுக்க முடிகிறவர்களால் அந்தப் பழைய மரத்தைப் பிரதி எடுக்க முடியவில்லை.

பிரதிகளைக் கிண்டல் செய்துகொண்டே வந்தேன், ஒரு விஷயத்தில் அவற்றின் பக்கம் நிற்க வேண்டும். மூலம் ஓய்வெடுக்க அவை இடம் கொடுக்கின்றன. ஃபிராங்கன்ஸ்டைன் பிரதியை உருவாக்கிய ஃபெண்டரின் சிப் எல்லிஸ் செய்து கொடுத்த ஒன்றை எடி 2007 இசைப்பயணத்தில் தானே வாசித்தார். அதற்கு 'ஃபிராங்க் 2' என்று பெயர். 2011-இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கு எடி கொடுத்தது அந்த ஃபிராங்க் 2-ஐத்தான். 130 டாலர் கட்டையும் கழுத்தும் சேர்ந்த மூலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். 2020-இல் அவர் இறந்த பிறகும் தேசிய அருங்காட்சியகத்தின் பட்டியலில் இருப்பது அந்தப் பிரதிதான். அது பொய்யா? மேடையில் அவர் கையில் இருந்தது, அவர் வியர்வை பட்டது. பிரதியாகத் தொடங்கி மூலமாக வளர்ந்துவிட்ட பொருள் அது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ரோரி கல்லகர் கதை இதற்கு நேர் எதிர். அயர்லாந்தின் கார்க் நகரில் 1963-இல் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கடையில் 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றைத் தவணையில் வாங்குகிறான். 100 பவுண்டு. அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. தாளமும் தனி வாசிப்பும் நானே வாசித்துவிடுவேன், இன்னொரு கிடார்க்காரருக்குச் சம்பளம் மிச்சம் என்று அம்மாவைச் சமாதானம் செய்தானாம். அதற்குப் பிறகு ரோரி வேறு முக்கிய கிடார் தேடவில்லை. 1966-இல் டப்ளினில் அது திருடு போனது. சில நாள் கழித்து, மழையில் நனைந்து வெளியில் கிடந்த நிலையில் கிடைத்தது. அதற்குப் பிறகு மேடை மேடையாக அவர் வியர்வையே மிச்ச பூச்சைத் தின்றுவிட்டது. முன்பக்கம் அநேகமாக வெறும் மரம். ஆறு முறுக்காணிகளில் (வீணையில் பிரடை என்போமே) ஒன்று மட்டும் வேறு ஜாதி. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு புள்ளி உதிர்ந்து வெள்ளைப் பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும். 1995-இல் ரோரி காலமானார். ஃபெண்டர் கஸ்டம் ஷாப் செய்த பிரதியில் அந்த வேற்று முறுக்காணியும் வெள்ளைப் புள்ளியும் அச்சு அசலாக இருக்கின்றன. இது எண்ணிக்கை வரம்பு போட்டு ஒரே நாளில் விற்றுத் தீர்ந்த ரகம் இல்லை. தொண்ணூறுகளின் பின்பாதியில் தொடங்கிப் பல வருஷம் கேட்டவர்களுக்குச் செய்து கொடுத்தார்கள். வாங்கியவர்கள் அதை மேடையில் வாசிக்கவும் செய்கிறார்கள். நான் பார்த்த வரை இந்தக் கூட்டத்தில் பெட்டியைத் திறக்காத ஆசாமிகள் குறைவு.

மூலம் அண்ணன் தம்பிப் பாசத்தில் ரோரியின் தம்பி டோனலிடம் இருந்தது. 2024 அக்டோபர் 17 அன்று லண்டனில் பான்ஹாம்ஸ் ஏலத்துக்கு வந்தது. நாட்டை விட்டுப் போய்விடுமோ, யாராவது பணக்காரர் பெட்டகத்தில் முடங்கிவிடுமோ என்று அயர்லாந்தில் பெரிய கவலை. கமிஷனோடு 8,89,400 பவுண்டுக்கு விலை போனது. வாங்கியது லைவ் நேஷன் கெயிட்டி என்ற ஐரிஷ் கச்சேரி நிறுவனம். வாங்கின கையோடு அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். திருடு போன அதே டப்ளினில் இப்போது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. இனி அன்றாடம் வாசிக்க மிச்சமிருப்பது பிரதிகள்தான், அந்த ஒற்றை வேற்று முறுக்காணியோடு.